சக்கையா, உமியா, திப்பியா: உணவு ஆலைக் கழிவில் எது எரிபொருள்?

ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஆலைக்குக் கிடைக்கும் சர்க்கரை 90 முதல் 100 கிலோ. அதே கரும்பிலிருந்து விழும் சக்கை ஏறக்குறைய 280 கிலோ. ஒரு டன் நெல்லை அரைத்தால் 200 கிலோ உமி ஒதுங்குகிறது. மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவைப் பிரித்தபின் திப்பி மிஞ்சுகிறது. மாம்பழக்கூழ் ஆலையில் தோலும் கொட்டையும், முந்திரிப் பட்டறையில் ஓடும், எண்ணெய்ச் செக்குக்குப் போகும் கொப்பரைக்குப் பின்னால் கொட்டாங்குச்சியும் குவிகின்றன. எந்த உணவு ஆலையை எடுத்துக்கொண்டாலும் முன்வாசலில் லாரி ஏறும் சரக்குக்கு நிகராகப் பின்கட்டில் ஏதோ ஒன்று மலையாக நிற்கிறது.

இவை எல்லாமே செடியிலும் மரத்திலும் விளைந்தவை. கரிமமும் ஹைட்ரஜனும் நிறைந்தவை, காய்ந்தால் எரியக்கூடியவை. அப்படியானால் எல்லாவற்றையும் கொதிகலனில் போட்டு எரித்து, நீராவியும் மின்சாரமும் எடுத்துவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். சிலவற்றை எரிக்கலாம், எரிக்கவும் வேண்டும். சிலவற்றை எரிக்க முயல்வது வீண் செலவு. எது எந்தப் பக்கம் என்பதை மூன்று விஷயங்கள் முடிவுசெய்கின்றன: கழிவிலுள்ள ஈரம், எரிந்தபின் மிஞ்சும் சாம்பல், கிடைக்கும் வெப்பத்துக்குப் பக்கத்திலேயே வேலை இருக்கிறதா என்பது.

முதலில் ஈரம்

கரும்பாலையின் கடைசி உருளையைத் தாண்டி வரும் சக்கையில் பாதி தண்ணீர். எஞ்சிய பாதிதான் நார். ஒரு கிலோ சக்கையைக் கணக்கெடுப்போம். முழுக்கக் காய்ந்த சக்கை கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோகலோரி வெப்பம் தரும். அரைக் கிலோ நாருக்கு 2,250. ஆனால் இது முழுவதும் கொதிகலனுக்குக் கிடைப்பதில்லை. சக்கையிலுள்ள அரைக் கிலோ தண்ணீர் ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேற வேண்டும். அதற்கு ஏறக்குறைய 290 கிலோகலோரி செலவு. நாரிலுள்ள ஹைட்ரஜன் எரியும்போது புதிதாக உண்டாகும் நீரும் ஆவியாகவே போகிறது. அது இன்னும் 160 கொண்டுபோகும். கடைசியில் மிஞ்சுவது 1,800 கிலோகலோரி.

இதே கணக்கை 80 சதவீதம் ஈரமுள்ள ஒரு கழிவுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோவில் திடப்பொருள் 200 கிராம். அதன் வெப்பம் 900 கிலோகலோரி. ஈரத்தை விரட்டவே அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. கையில் நிற்பது 400-க்கும் குறைவு. தாளில் இது லாபமாகத் தெரிந்தாலும் அடுப்பில் நிற்காது. தீ தொடர்ந்து எரிவதற்கான சூட்டை அந்தக் கழிவால் தானாகத் தக்கவைக்க முடியாது. கூடவே நிலக்கரியோ விறகோ போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பொதுவாக 60 சதவீத ஈரத்தைத் தாண்டிவிட்டால் சாதாரணக் கொதிகலனில் நெருப்பு தள்ளாடத் தொடங்கும்.

சேலம் வட்டாரச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளின் ஈரத் திப்பியும், கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளின் தோலும் இந்த வகை. இவற்றுக்குப் பொருத்தமான வழி நுண்ணுயிர்களிடம் விட்டுவிடுவது. காற்றுப் புகாத கலனில் மட்கவைத்தால் மீத்தேன் வாயு கிடைக்கும். அங்கே ஈரம் தடையே இல்லை, தேவையானதும் அதுதான். சேகோ ஆலைகள் பலவற்றில் கழிவுநீரிலிருந்து இப்படி எரிவாயு எடுக்கிறார்கள். திப்பியைக் காயவைத்தால் அது மாட்டுத் தீவனமாக விலைபோகிறது.

காயவைத்து எரிப்பது நம் ஊரில் புதிதல்ல. வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் பிழிந்த சக்கையை வெயிலில் பரப்பிக் காயவிட்டு, அதையே கொப்பரைக்குக் கீழே அடுப்பில் தள்ளுகிறார்கள். வேறு விறகு வாங்காமலே சாறு வெல்லமாகிறது. பெரிய ஆலைக்கு அத்தனை சக்கையை வெயிலில் பரப்ப இடம் இருக்காது. அங்கே ஈரத்தைக் குறைக்கும் முதல் கருவி கடைசி உருளைதான். அது எவ்வளவு இறுக்கிப் பிழிகிறதோ அவ்வளவு நல்லது. அடுத்தபடியாக, புகைபோக்கிக்குப் போகும் சூடான புகையைச் சக்கைமேல் பாய்ச்சி உலர்த்தலாம். 50 சதவீத ஈரத்தை 40 ஆக்கினால் அதே அளவு நாரிலிருந்து சுமார் 5 சதவீத வெப்பம் கூடுதலாகக் கிடைக்கும். தீயின் சூடு ஏறுவதால் கொதிகலனின் திறனும் கூடும்.

தீக்குள் என்ன நடக்கிறது

கொதிகலனுக்குள் விழும் சக்கைத் துண்டு உடனே எரிந்துவிடுவதில்லை. முதலில் அதன் ஈரம் ஆவியாகிறது. பிறகு சூடு ஏற ஏற நார் சிதைந்து, எரியும் வாயுக்களாக வெளியேறுகிறது. செடிவகை எரிபொருளில் முக்கால் பங்குவரை இப்படி வாயுவாகத்தான் எரியும். கடைசியாக மிஞ்சும் கரி தணலாக நின்று மெதுவாகச் சாம்பலாகிறது.

நிலக்கரிக்குக் கட்டிய அடுப்பில் சக்கையையோ உமியையோ அப்படியே போட்டால் கரும்புகை கிளம்புவதற்குக் காரணம் இதுதான். நிலக்கரியில் பெரும்பகுதி அடுப்பின் கம்பிச் சட்டத்தின் மேலேயே எரிகிறது. காற்றைக் கீழிருந்து கொடுத்தால் போதும். சக்கை வாயுவாக மேலே எழுந்து எரிவதால் மேற்பகுதியிலும் காற்றைப் பாய்ச்சிக் கலக்க வேண்டும், வாயு எரிந்து முடிய உயரமான அறையும் வேண்டும். போதுமான சூடு, போதுமான நேரம், காற்றோடு நல்ல கலப்பு என்ற மூன்றும் சேர்ந்தால் புகைபோக்கியிலிருந்து நீராவியைத் தவிர அதிகம் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பாகப் புகை வந்தால் காசு கொடுக்க வேண்டிய எரிபொருள் பாதி எரிந்து வானத்துக்குப் போகிறது என்று பொருள்.

சக்கைக் கொதிகலன்களில் எரிபொருளைக் காற்றால் வீசித் தூவுவார்கள். சிறு துகள் பறக்கும்போதே எரிந்துவிடும், பெரியது சட்டத்தில் விழுந்து எரியும். உமிக்கு இன்னொரு முறை நன்றாகப் பொருந்துகிறது. சூடேறிய மணல் படுகைக்கு அடியிலிருந்து காற்றை வேகமாகச் செலுத்தினால் மணல் முழுவதும் கொதிக்கும் நீர்போல் புரளும். அதில் விழும் உமி எல்லாப் பக்கமும் சூடு பட்டு, சீராக எரிந்துவிடும்.

ஒரே நீராவிக்கு இரண்டு வேலை

எரித்து வெப்பம் எடுத்தாயிற்று. அதை என்ன செய்வது? மின்சாரம் மட்டுமே வேண்டுமென்று தனியாக ஒரு மின்நிலையம் கட்டினால் எரிபொருளின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மின்சாரமாக மாறுவது கடினம். டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வரும் நீராவியைக் குளிரவைத்து மறுபடி நீராக்கும்போது வெப்பத்தில் பெரும்பகுதி குளிர்கோபுரம் வழியே காற்றில் போகிறது.

கரும்பாலைக்கு இந்த இழப்பு நேர வேண்டியதில்லை, ஏனென்றால் அதற்கு வெப்பமே ஒரு மூலப்பொருள். சாற்றைச் சுடவைத்து, நீரை வற்றவைத்து, பாகாக்கிப் படியவைக்க ஒரு டன் கரும்புக்கு 400 முதல் 500 கிலோ நீராவி தேவைப்படுகிறது. அந்த வேலைக்கு அதிக அழுத்தம் வேண்டாம். ஆகவே கொதிகலனில் உயர் அழுத்த நீராவியை உண்டாக்கி, முதலில் டர்பைனைச் சுற்றவிட்டு மின்சாரம் எடுத்துவிட்டு, அழுத்தம் குறைந்து வெளிவரும் அதே நீராவியைச் சாறு காய்ச்சும் கலன்களுக்கு அனுப்புகிறார்கள். இதைத்தான் இணைமின் உற்பத்தி என்கிறோம். ஆலைக்காரர்கள் ‘கோஜென்’ என்பார்கள். சரியாக அமைந்தால் எரிபொருளின் வெப்பத்தில் 70 சதவீதத்துக்கு மேல் ஏதாவது ஒரு வேலைக்கு உதவிவிடும்.

நாளொன்றுக்கு 2,500 டன் கரும்பு அரைக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். அதில் 700 டன் சக்கை விழும். ஒரு டன் சக்கை 2.2 டன் நீராவி தரும் என்றால் மொத்தம் 1,540 டன் நீராவி. சாறு காய்ச்ச, டன் கரும்புக்கு 450 கிலோ வீதம், 1,125 டன் போதும். மீதி 415 டன் நீராவியை மின்சாரத்துக்கே ஒதுக்கலாம். போதாக்குறைக்கு, சாறு காய்ச்சப் போகும் 1,125 டன்னும் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் போகிறது.

இவ்வளவு எளிய கணக்கு என்றால் பழைய ஆலைகள் ஏன் இதைச் செய்யவில்லை? அன்று மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்க வழியில்லை. சக்கை மிஞ்சினால் அதை அள்ளிக் கொட்ட இடம் தேட வேண்டும். குவித்துவைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஆகவே சக்கை முழுவதும் தீர்ந்துபோகும்படி, திறன் குறைந்த தாழ் அழுத்தக் கொதிகலன்களையே வைத்துக்கொண்டார்கள். எரிபொருளை வீணாக்குவதே அன்று ஆலைக்கு வசதியாக இருந்தது.

உபரி மின்சாரத்தை விலைகொடுத்து வாங்கும் ஏற்பாடு 1990-களில் வந்தபின் இந்தக் கணக்கு தலைகீழானது. 21 பார் அழுத்தத்தில் ஓடிய கொதிகலன்களுக்குப் பதிலாக 67, 87, 110 பார் என்று புதியவை வந்தன. அழுத்தமும் வெப்பநிலையும் உயர்ந்தால் அதே நீராவியிலிருந்து அதிக மின்சாரம் எடுக்கலாம். நவீன ஆலையில் ஒரு டன் கரும்புக்கு 100 யூனிட்டுக்கு மேல் கிடைக்கிறது. ஆலையின் சொந்தத் தேவை 30 யூனிட் அளவுதான். இந்தியாவில் சக்கையால் இயங்கும் இணைமின் நிலையங்களின் மொத்தத் திறன் இன்று 9,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது.

ஒரு குறை உண்டு. அரவைப் பருவம் முடிந்தால் சக்கையும் முடிந்துவிடும். ஆண்டு முழுவதும் மின்சாரம் விற்க நினைக்கும் ஆலை மீதி மாதங்களுக்குச் சக்கையைச் சேமிக்க வேண்டும், இல்லையேல் நிலக்கரி வாங்க வேண்டும். மொரீஷியஸ் தீவில் பல மின்நிலையங்கள் அரவைக் காலத்தில் சக்கையிலும் மற்ற மாதங்களில் நிலக்கரியிலும் ஓடின. சேமிப்பிலும் ஓர் ஆபத்து இருக்கிறது: பூஞ்சை பிடித்த பழஞ்சக்கையின் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு நுரையீரல் அழற்சி வரும். முகக்கவசம் அங்கே சம்பிரதாயத்துக்கு அல்ல.

உமியும் அதன் சாம்பலும்

உமிக்கு ஈரத் தொல்லை கிடையாது. பத்து சதவீதம் அளவே ஈரம் இருப்பதால் கிலோவுக்கு 3,000 கிலோகலோரிக்கு மேல் தருகிறது. அரிசி ஆலைக்கும் வெப்பம் வேண்டும்: புழுங்கலரிசிக்கு நெல்லை அவிக்க வேண்டும், அவித்ததை உலர்த்த வேண்டும். நெல் கொண்டுவரும் உமியே இந்த இரண்டு வேலைக்கும் போதும். ஆரணி, காங்கேயம் போன்ற அரிசி ஆலை ஊர்களில் கொதிகலன் அடுப்புக்கு உமி போவது வழக்கமான காட்சி. மின்சாரமும் எடுத்தால், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உமி செலவாகும்.

உமியின் சிக்கல் சாம்பலில் இருக்கிறது. சக்கை எரிந்தால் மிஞ்சும் சாம்பல் மிகக் குறைவு. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகவே நின்றுவிடும். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்து உமியில் சேர்த்துவைத்தது அது. புகையோடு பறக்கும் இந்தத் துகள்கள் கொதிகலன் குழாய்களைத் தேய்த்து மெலியவைக்கின்றன. வடிகட்டாமல் வெளியே விட்டால் சுற்றுவட்டாரத்தில் காயப்போட்ட துணியிலும் மூடாத குடத்திலும் விழும். கண்ணில் விழுந்தால் அறுக்கும்.

எரிக்கும் சூடும் முக்கியம். சுமார் 700 டிகிரி செல்சியஸுக்குள் எரித்தால் சிலிக்கா ஒழுங்கற்ற கட்டமைப்போடு இருக்கும்; அந்தச் சாம்பல் சிமென்டோடு சேர்ந்து கான்கிரீட்டுக்கு வலுவூட்டும். சூடு மிகுந்தால் அதே சிலிக்கா படிகமாகிவிடும். அது சிமென்டோடு சேர்ந்து அவ்வளவாக வினைபுரியாது. படிக சிலிக்காத் தூசி நுரையீரலுக்கும் கேடு. ஒரே உமி, எரித்த விதத்தைப் பொறுத்து விற்கும் சரக்காகவும் ஆகலாம், கொட்ட இடமில்லாத குப்பையாகவும் ஆகலாம். உருக்காலைகளில் உருகிய எஃகின் சூடு தணியாமலிருக்க மேலே தூவுவதற்கும் உமிச்சாம்பல் வாங்குகிறார்கள்.

பொட்டாசியமும் குளோரினும் அதிகமுள்ள கழிவுகளில் வேறு தொல்லை. அவற்றின் சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகி, குழாய்களில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். கொதிகலனை நிறுத்தி, அதை உடைத்தெடுக்க வேண்டியிருக்கும். புதிய கழிவு ஒன்றைக் கொதிகலனில் போடுமுன் ஈரத்தோடு சாம்பலையும் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

எரிப்பதைவிட நல்ல வழி இருந்தால்

எரியும் என்பதாலேயே எரித்துவிடக் கூடாது. கொட்டாங்குச்சி நல்ல எரிபொருள்தான். ஆனால் அதைக் கரியாக்கி, தண்ணீரையும் காற்றையும் சுத்திகரிக்கும் கிளர்வுற்ற கரியாக மாற்றினால் கிடைக்கும் விலை, அடுப்பில் போட்டால் கிடைப்பதைவிடப் பல மடங்கு. முந்திரி ஓட்டில் காரமான எண்ணெய் இருக்கிறது. அப்படியே எரித்தால் புகை தொண்டையையும் கண்ணையும் எரிக்கும். எண்ணெயைப் பிழிந்து பெயின்ட், பிரேக் லைனிங் தொழில்களுக்கு விற்றுவிட்டு, மிஞ்சும் சக்கையை எரிப்பதே புத்திசாலித்தனம். அரிசி ஆலையில் உமி எரிக்கப்படும்; தவிடு எரிக்கப்படாது, அதில் எண்ணெய் இருக்கிறது.

இந்தப் பங்கீட்டைக் கரூர் மாவட்டம் காகிதபுரத்திலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் தெளிவாகப் பார்க்கலாம். 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலையின் முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகளிடம் சக்கையைப் பெற்றுக்கொண்டு, அவற்றின் கொதிகலனுக்கு வேறு எரிபொருளை ஈடுசெய்யும் ஏற்பாடு அங்கே உருவானது. சக்கையின் நார் காகிதமாகிறது. காகிதத்துக்கு உதவாத சோற்றுப் பகுதி கொதிகலனுக்குப் போகிறது. சக்கையைக் கழுவிய நீரிலிருந்து எரிவாயு எடுக்கப்படுகிறது. ஒரே கழிவின் மூன்று பகுதிகளுக்கு மூன்று வழிகள்.

எரிப்பதே நல்ல வழியாகிவிட்ட ஒன்றும் இருக்கிறது: சாராய ஆலைக் கழிவுநீர். கரும்பின் மொலாசஸிலிருந்து ஒரு லிட்டர் ஆல்கஹால் எடுத்தால் 8 முதல் 15 லிட்டர் கரும்பழுப்புக் கழிவுநீர் வரும். ஆற்றில் விட்டால் மீன்கள் செத்து மிதக்கும். இப்போது பல ஆலைகள் அதை நீராவியால் வற்றவைத்து, 60 சதவீதம் திடப்பொருளுள்ள குழம்பாக்கி, சக்கையோ நிலக்கரியோ துணைக்குச் சேர்த்துத் தனிக் கொதிகலனில் எரிக்கின்றன. மிஞ்சும் சாம்பலில் பொட்டாஷ் இருப்பதால் அது உரமாகிறது. 14.5 சதவீதப் பொட்டாஷ் கொண்ட உரமாக இதை மத்திய அரசு அங்கீகரித்திருக்கிறது. இந்தியா பொட்டாஷ் உரத்துக்கு இறக்குமதியையே நம்பியிருக்கும் நாடு என்பதால் இதன் மதிப்பு இன்னும் கூடுகிறது.

காற்றுக்கு நல்லதா?

சக்கை எரியும்போது வெளிவரும் கரியமில வாயு, கரும்பு வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். அடுத்த போகம் அதை மறுபடி எடுத்துக்கொள்ளும். பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிடந்ததைத் தோண்டி எரிக்கும் நிலக்கரிக்கு இந்தச் சுழற்சி இல்லை. வெப்பக் கணக்கில் இரண்டு டன்னுக்குச் சற்று மேற்பட்ட ஈரச் சக்கை ஒரு டன் இந்திய நிலக்கரிக்கு ஈடு. அந்த அளவு நிலக்கரி மிச்சமானால் அது உண்மையான லாபம். கழிவைக் குவித்து அழுகவிடுவதால் கிளம்பும் மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 25 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். அதுவும் தவிர்க்கப்படுகிறது.

ஆனால் ‘பசுமை மின்சாரம்’ என்ற பெயர்ப்பலகை புகைபோக்கியைச் சுத்தமாக்கிவிடாது. தூசியைச் சுழற்றிப் பிடிக்கும் சைக்ளோன், துணிப்பை வடிகட்டி, நீர்த்தூவல், மின்புலத்தால் துகளை ஈர்க்கும் இ.எஸ்.பி. ஆகியவற்றில் ஏதேனும் பொருத்தமானது இருக்க வேண்டும், ஓடவும் வேண்டும். பலர் பொருத்துகிறார்கள், மின்செலவுக்கும் பராமரிப்புக்கும் தயங்கி இரவில் நிறுத்திவிடுவோரும் உண்டு. தூரத்திலிருந்து லாரியில் உமி வரவழைத்து எரிப்பதும் கவனிக்க வேண்டியது. உமி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ அளவே எடையுள்ளது. லாரி நிறைந்தாலும் எடை ஏறாது. டீசல் செலவு ஏறும். கழிவு விழும் இடத்திலேயே, அந்த ஆலையின் வெப்பத் தேவைக்கே எரிப்பதுதான் கட்டுப்படியாகும்.

உங்கள் ஊரில் ஓர் உணவு ஆலை, கழிவை எரித்து மின்சாரம் எடுக்கப்போவதாகச் சொன்னால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கழிவின் ஈரம் எத்தனை சதவீதம்? சாம்பல் எவ்வளவு, அது எங்கே போகும்? டர்பைனிலிருந்து வரும் நீராவிக்கு ஆலைக்குள்ளேயே வேலை இருக்கிறதா? புகையிலுள்ள துகளைப் பிடிக்கும் கருவி என்ன, அதன் அளவீடுகளை ஊரார் பார்க்க முடியுமா? நான்குக்கும் எண்களோடு பதில் வந்தால் அந்தத் திட்டத்தை ஆதரிக்கலாம். ஈரம் பற்றிய முதல் கேள்விக்கே மழுப்பலான பதில் வந்தால், அங்கே எரியப்போவது பெரும்பாலும் நிலக்கரியும் மானியமும்தான்.